என் இணையதளம் எல்லா உலாவிகளிலும் சரியாகத் தெரிகிறதா என்று நண்பர்களிடம் எப்படிக் கேட்பது?

குரோமில் நன்றாகத் தெரியும் உங்கள் தமிழ்த் தளத்தைப் பிறர் உலாவிகளில் சோதிக்க நினைப்பது சரியே. ஆனால் உலாவியின் பெயரைவிட அதற்குள் ஓடும் இயந்திரத்தை (பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் மென்பொருளை) பார்த்து ஆட்களைத் தேர்ந்தெடுங்கள். 2020 முதல் மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவியும் குரோமின் பிளிங்க் இயந்திரத்தில் இயங்குவதால், அவ்விரண்டிலும் பார்ப்பவர்கள் ஏறக்குறைய ஒரே சோதனையைத்தான் செய்கிறார்கள். கெக்கோ என்ற வேறு இயந்திரத்தில் இயங்கும் பயர்பாக்ஸ் வைத்திருப்பவர் ஒருவரும் ஐபோன் வைத்திருப்பவர் ஒருவரும் கட்டாயம் வேண்டும். ஐபோனில் குரோம் என்ற பெயரில் இருப்பதும் பெரும்பாலான நாடுகளில் ஆப்பிளின் சஃபாரி உலாவியில் ஓடும் வெப்கிட் இயந்திரம்தான்.

தமிழுக்கு எழுத்துருவே பெரிய தலைவலி. எழுத்துருவைத் தளத்துடன் சேர்த்து அனுப்பாவிட்டால், விண்டோஸில் நிர்மலா, ஆப்பிளில் தமிழ் சங்கம், ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ என அவரவர் கருவியில் இருக்கும் எழுத்துருவே வரும். எழுத்தின் அகலம் மாறுவதால் “பதிவிறக்கம்” போன்ற நீண்ட சொல் பொத்தானை மீறி வழியலாம். வரி இடைவெளி குறைந்திருந்தால் மேல்வரியின் ‘ழு’ கீழ்வரியின் ‘கீ’யை முட்டும். இந்த இடங்களைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

“எப்படி இருக்கிறது?” என்று மட்டும் கேட்காதீர்கள், நண்பர்கள் “அருமை” என்றுதான் சொல்வார்கள். மாறாக, “தொடர்பு எண்ணைக் கண்டுபிடியுங்கள்” என்று ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, வழிகாட்டாமல் பக்கத்தில் அமர்ந்து, அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று கவனியுங்கள் (வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் இதில் கடினம்). தொலைவில் இருப்பவர்களிடம் திரைப்பிடிப்புடன் உலாவியின் பதிப்பு எண்ணையும், கைபேசியில் எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்களா என்பதையும் கேட்டு வாங்குங்கள்.