சிப்பிப்பாறைப் பெட்டையைக் கோலிக் கடுவனோடு சேர்க்கலாமா?

கேள்வி: 60 செம்மறிகளும் 4 ஏக்கர் நிலக்கடலையும் வைத்திருக்கிறேன். ராத்திரியில் காட்டுப்பன்றி வந்து கடலையைக் கிளறிவிடுகிறது. என்னிடம் 2 வயதுச் சிப்பிப்பாறைப் பெட்டை இருக்கிறது. நல்ல வேகம், ஆனால் ஆட்டை வளைக்கத் தெரியாது. பக்கத்து ஊரில் ஒருவர் பார்டர் கோலிக் கடுவன் வளர்க்கிறார். இரண்டையும் சேர்த்தால் பகலில் ஆட்டைத் திருப்பவும், ராத்திரி பன்றி, முயல் பிடிக்கவும் ஒரே நாயாகக் கிடைக்குமா? கடுவனை எப்படிப் பார்த்துத் தேர்வு செய்வது?
– விருதுநகர் மாவட்ட விவசாயி ஒருவர்

பதில்: ஐயா, அந்த இரண்டையும் சேர்க்க வேண்டாம். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன். நாளைக்கு வேறு எந்த மேய்ப்பு நாயைக் காட்டி யார் ஆசை காட்டினாலும் நீங்களே முடிவு செய்துகொள்ள அது உதவும்.

நாய் இரை பிடிப்பது ஒரே வேலையாகத் தெரிந்தாலும் அதற்குள் பல படிகள் இருக்கின்றன: உற்றுப் பார்ப்பது, பதுங்கி நெருங்குவது, விரட்டுவது, கவ்வுவது, கொல்வது. பார்டர் கோலியை உருவாக்கிய ஆங்கில, ஸ்காட்லாந்து எல்லைப்புற மேய்ப்பர்கள் முதல் மூன்று படிகளை மட்டும் கூர்தீட்டி, கவ்வுவதையும் கொல்வதையும் தலைமுறை தலைமுறையாக மழுக்கினார்கள். இன்றைய கோலிகளின் வம்சம் 1893-இல் நார்த்தம்பர்லாந்தில் பிறந்த ‘ஓல்டு ஹெம்ப்’ என்ற கடுவன் வரை போகிறது. அது குரைக்காமல், கடிக்காமல், பார்வையாலேயே ஆட்டை நகர்த்திய நாய். சிப்பிப்பாறை இதற்கு நேரெதிர். பதுங்குவது அதற்குப் பெரிதில்லை. ஓடுகிற எதையும் கண்டால் பாய்ந்து, கவ்வி, முடிப்பதுதான் அதன் வேலை. நம் கிடைகளில் ஆட்டோடு படுத்துக் காவல் காக்கும் நாட்டு நாய் மூன்றாவது வகை. ஆட்டிடம் அதற்கு இந்தப் படிகள் எதுவுமே எழுவதில்லை.

கோலியையும் சிப்பிப்பாறையையும் சேர்த்தால், மேய்ப்பர்கள் அறுத்து வைத்த சங்கிலியின் மறுபாதியை நாமே கொண்டுவந்து கோக்கிறோம். ஆட்டின் மேல் கோலியின் ஓயாத கவனம், வாயில் வேட்டை நாயின் கடி. இரண்டும் ஒரே குட்டியில் வரலாம். எட்டு, பத்து மாதம் வரை அது சாதுவாகத்தான் இருக்கும். ஒரு நாள் ஒரு மறி கூட்டத்தை விட்டுப் பிரிந்து ஓடும்போது பின்னாலேயே போய்த் தொடையைக் கவ்வும். ஒரு முறை ருசி கண்டதை மறக்கடிப்பது மிகக் கடினம். ஆடு சாகாவிட்டாலும் துரத்தல் பட்ட சினை ஆடுகள் குட்டி வீசிவிடும். 60 ஆடு வைத்திருப்பவர் இந்த ஆபத்தை விலை கொடுத்து வாங்கக் கூடாது.

இந்தக் கலப்பு உலகத்தில் நடக்காத ஒன்றல்ல. பிரிட்டனில் ‘லர்ச்சர்’ என்ற பெயரில் நெடுங்காலமாகச் செய்கிறார்கள். வேகமாக ஓடும் வேட்டை நாயான கிரேஹவுண்ட் பெட்டையோடு, மேய்ப்பு வேலை செய்யும் கோலிக் கடுவனைச் சேர்ப்பார்கள். பெரிய உடம்புள்ள இனம் தாயாக இருந்தால் ஈனுவது சுலபம் என்பதும் ஒரு காரணம். முதல் ஈற்றுக் குட்டிகள் ஓரளவு ஒரே மாதிரி இருக்கும். தாக்குப்பிடிக்கும் உடம்பு, கல்லு முள்ளுக்கு உறுதியான பாதம், சொன்ன பேச்சைக் கேட்கும் புத்தி எல்லாம் உண்டு, வேகம் மட்டும் குறைவு. அதனால் அந்தக் குட்டியை மறுபடி கிரேஹவுண்டோடு சேர்த்து முக்கால் பங்கு கிரேஹவுண்ட், கால் பங்கு கோலி என்று கொண்டுவருவார்கள். தப்பு நடப்பது கலப்பையும் கலப்பையும் சேர்க்கும்போதுதான். ஒரே ஈற்றில் ஒன்று கோலி போல, ஒன்று கிரேஹவுண்ட் போல, ஒன்று எதற்கும் ஆகாமல் வரும்.

இவ்வளவு பழக்கம் உள்ளவர்களே லர்ச்சரிடம் மந்தையை ஒப்படைப்பதில்லை. குட்டியிலிருந்தே கயிற்றில் பிடித்து ஆட்டுக்கு நடுவே நடத்தி, ‘இது உனக்கானது இல்லை’ என்று பழக்குகிறார்கள். மேய்ப்புக்குத் தனி நாய் வைத்துக்கொள்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004-ஆம் ஆண்டு வேட்டைச் சட்டத்துக்குப் பிறகு காட்டு முயலை நாய் விட்டுத் துரத்துவதும் குற்றம். நில உரிமையாளர் அனுமதியோடு குழிமுயல் பிடிப்பதற்குத்தான் லர்ச்சரை இன்று பயன்படுத்துகிறார்கள்.

நம் சட்டம் இன்னும் இறுக்கமானது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள் கொல்வது மட்டுமல்ல, நாய் விட்டுத் துரத்துவது, கண்ணி வைப்பது, இவற்றுக்கு முயல்வதுகூட அடங்கும். முயல், காட்டுப்பன்றி இரண்டும் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருக்கின்றன. சொந்த நிலம், சொந்தக் கடலை என்ற வாதம் நிற்காது. மாட்டினால் சிறைக்கும் வழி உண்டு. கடலைச் சேதத்துக்கு வனத்துறையில் இழப்பீடு கேட்கலாம். கிளறிய இடத்தைச் சமன்செய்வதற்கு முன் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் பன்றிக்குச் சிப்பிப்பாறை ஏற்ற நாய் இல்லை. தோல் மெல்லிசு, கொழுப்பு கிடையாது. பன்றிக் கொம்பு ஒரு முறை தொடையிலோ அடிவயிற்றிலோ உரசினால் தோல் பிளந்து சதை தெரியும். அமெரிக்காவின் லூசியானாவில் மாடு திரட்டவும் பன்றியை வளைத்து நிறுத்தவும் ஒரே நாயாக வளர்க்கும் ‘கட்டஹூலா’வின் கழுத்துக்கும் மார்புக்கும் தடித்த கவசம் கட்டித்தான் விடுகிறார்கள். அதுவும் பன்றியைச் சுற்றி நின்று குரைத்துத் தடுக்கும் நாய், போய்க் கவ்வும் நாயல்ல.

கடுவனைப் பார்க்கும் முறை கேட்டிருந்தீர்கள். நாளைக்கு மேய்ப்புக்கென்று கோலிக் குட்டி வாங்கப் போனாலும் இதே கண்தான் வேண்டும். ஒரு பட்டியில் ஐந்தாறு ஆட்டை விட்டு, கடுவனைப் பத்து நிமிடம் உள்ளே அனுப்பச் சொல்லுங்கள். நல்ல நாய் நேராகப் பாயாது. பட்டியோரமாக வில் போல வளைந்து ஆட்டுக்கு அப்பால் போய் நிற்கும். தலையைத் தோளுக்குக் கீழே இறக்கி, வாலைத் தாழ்த்தி, ஒரு முன்னங்காலை மடக்கித் தூக்கியபடி பார்க்கும். ஆடு திரும்பி முறைத்தால் பின்வாங்கக் கூடாது. நின்ற இடத்திலேயே கல்லாகிப்போனாலும் குறைதான். அந்த நாய்க்குப் பார்வை அதிகம், வேலை குறைவு. ஒரு ஆடு பிரிந்து ஓடும்போது நாயின் வாயைக் கவனியுங்கள். ரோமத்தைப் பிடித்துத் தொங்கினால் அதோடு பார்ப்பதை நிறுத்திவிடலாம். உணர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது சொந்தக்காரர் ஒரே குரலில் கூப்பிட்டால் திரும்புகிறதா என்பதை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன்.

உடம்பு விஷயத்தில் இரண்டு கண்டிப்பானவை. ஒன்று, சாம்பலில் கறுப்புத் திட்டு விழுந்தது போன்ற ‘மெர்ல்’ நிறம். மெர்லும் மெர்லும் சேர்ந்தால் நாலில் ஒரு குட்டிக்கு அந்த மரபணு இரட்டையாக வரும். அப்படிப் பிறப்பவை பெரும்பாலும் வெளுத்து, பலதும் செவிடாகவோ குருடாகவோ இருக்கும். உங்கள் பெட்டை ஒற்றை நிறம் என்றால் முதல் ஈற்றில் இந்த ஆபத்து இல்லை. ஆனால் குட்டிகளில் பாதி மெர்லாகி, ஊரில் ஒன்றோடொன்று சேர்ந்தால் அடுத்த தலைமுறையில் வந்து நிற்கும். வெள்ளை ராஜபாளையத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் வலி புரியும்.

இரண்டாவது, ஆடு வளர்ப்பவர் வீட்டில் எந்நேரமும் இருக்கிற ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து. கோலி வகை நாய்கள் சிலவற்றில் எம்.டி.ஆர்.1 என்ற மரபணு பழுதுபட்டிருக்கும். நீண்ட முடியுள்ள ‘ரஃப் கோலி’ இனத்தில் இது மிக அதிகம், பார்டர் கோலியில் குறைவு. பழுது இருந்தால் மருந்து மூளைக்குள் புகுந்துவிடும். ஆட்டுக்குப் போடும் அளவு கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், அதாவது 1 சதவீத ஊசி மருந்து 50 கிலோவுக்கு 1 மில்லி. அதே புட்டியிலிருந்து உண்ணிக்கென்று நாய்க்கும் குத்திவிடுகிறார்கள். பழுதுள்ள நாய் எச்சில் வடித்து, கண்மணி விரிந்து, தள்ளாடி, நினைவிழந்து போகும். இதற்கு முறிமருந்து கிடையாது. மருந்து போட்ட ஆட்டின் புழுக்கையைத் தின்றுகூட இப்படி ஆகலாம். கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவி எடுத்து அனுப்பினால் பரிசோதனைக் கூடத்தில் இந்த மரபணுவையும் மெர்லையும் சேர்த்தே பார்த்துவிடலாம். சிப்பிப்பாறைக்கு வேறொரு எச்சரிக்கை: கொழுப்பில்லாத உடம்பு என்பதால் தயோபென்டோன் மயக்க மருந்திலிருந்து மீள ரொம்ப நேரம் எடுக்கும். அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோனால் இனத்தின் பெயரை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

உங்களுக்குத் தேவையானது கிடையில் பிறந்த நாட்டு நாய்க்குட்டி. தாயும் தகப்பனும் ஆட்டோடு படுப்பவையா என்று நேரில் போய்ப் பார்த்து, 7 அல்லது 8 வாரத்தில் கொண்டுவாருங்கள். வீட்டில் வளர்க்காமல் பட்டியின் ஒரு மூலையில் கம்பித் தடுப்பு கட்டி, ஆடு முகர்ந்து பார்க்கும்படி விடுங்கள். 12 வாரம் வரை குட்டியின் மனதில் பதிவதுதான் ஆயுசுக்கும் நிற்கும். முட்டித் தள்ளும் பெரிய கடாக்களை முதல் மாதம் அதனிடம் விடாதீர்கள். ஆட்டுக்குட்டியோடு விளையாட்டாகத் துரத்தினால் உடனே அதட்டிப் பிரித்துவிடுங்கள், சின்னது என்று ரசிக்க வேண்டாம். ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரைதான் சேட்டைக் காலம். அப்போது ஆள் இல்லாமல் ஆட்டோடு தனியே விடக் கூடாது. கடலைக் காட்டுக்கு வேலியும், வேலிக்குள் நின்று குரைக்க வளர்ந்த நாய் இரண்டும் இருந்தால் பன்றி வந்ததும் நீங்கள் விளக்கோடு எழுந்து போகலாம். பன்றியின் பின்னால் அவிழ்த்துவிட வேண்டாம்.

எந்த நாய்க்கும் ஆட்டுத்தலையும் குடலும் பச்சையாகப் போடாதீர்கள். அதன் வழியே நாய்க்கு நாடாப்புழு வந்து, நாயின் மலத்திலிருந்து முட்டை மேய்ச்சலில் பரவி, ஆட்டின் மூளையில் நீர்க்கட்டியாகி, ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றிச் சாகும். நாய்க்குப் பிராசிகுவான்டெல் கிலோவுக்கு 5 மில்லிகிராம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாத வயதில் போட்டு, மருத்துவர் சொல்லும் மறு ஊசியையும், பிறகு வருடா வருடமும் விடாமல் போடுங்கள்.

உங்கள் பெட்டை அடுத்து பருவத்துக்கு வரும்போது, ரத்தம் தெரிந்த முதல் நாளிலிருந்து 21 நாள் கதவடைத்து வையுங்கள். 9-ஆம் நாளுக்கு மேல் ரத்தம் வெளிறி, வாலை ஒதுக்கிக் கொடுக்கும்போதுதான் சினை பிடிக்கும். பக்கத்து ஊர்க் கடுவனுக்குச் சுவர் ஒரு தடையே இல்லை. குட்டி வேண்டுமென்றால் நல்ல சிப்பிப்பாறைக் கடுவனோடு சேருங்கள். பிறக்கும் குட்டிகளுக்கு வாங்க ஆள் இருக்கும், உங்கள் ஆட்டுக்கும் புதிதாக ஆபத்து வராது.