குடியால் போன ஞாபகம் மாத்திரையில் திரும்புமா?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. இருபது வருடக் குடி. ஒரு மாதமாக நடை தள்ளாடுகிறது. காலையில் சாப்பிட்டதே மறந்துபோய், நடக்காததை நடந்ததாகச் சொல்கிறார். வைட்டமின் மாத்திரை போதுமா?

பதில்: போதாது. இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். குழப்பம், தள்ளாட்டம், கண் அசைவில் கோளாறு ஆகியவை தயாமின் என்ற வைட்டமின் பி1 குறைவால் மூளை பாதிக்கப்படுவதன் அடையாளங்கள். மூன்றும் சேர்ந்தே வரும் என்று காத்திருக்கக் கூடாது.

குடிப்பவரின் குடல் தயாமினைச் சரியாக உறிஞ்சாது. அதனால்தான் ஊசி. வழக்கமாக 500 மி.கி. அளவை சலைனில் கலந்து அரை மணி நேரத்தில் ரத்தக் குழாய் வழியே, தினம் மூன்று வேளை, இரண்டு மூன்று நாள் ஏற்றுவார்கள். பிறகு 250 மி.கி. தினம் ஒரு வேளை, சில நாட்களுக்கு. அதன் பின்னரே மாத்திரை. மெக்னீசியம் என்ற தாது உப்பு குறைந்திருந்தால் தயாமின் சரியாக வேலை செய்யாது. அதையும் பரிசோதித்து ஈடுகட்டச் சொல்லிக் கேளுங்கள். 'சோர்வாக இருக்கிறார்' என்று தயாமின் இல்லாமல் குளுக்கோஸ் பாட்டில் மட்டும் ஏற்றுவது ஆபத்து: மிச்சமிருக்கும் தயாமினும் அதில் செலவாகிவிடும்.

கண் கோளாறு சில நாட்களில் சரியாகலாம். நடைக்கு வாரங்கள் ஆகும். ஞாபகம் மாதக்கணக்கில், பலருக்கு ஓரளவே திரும்பும். டோனெபெசில், மெமாண்டின் போன்ற மறதி மாத்திரைகள் இதில் பலன் தரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அவற்றுக்குச் செலவழிக்க அவசரப்படாதீர்கள்.

குடியை வீட்டிலேயே சட்டென நிறுத்தினால் வலிப்பு வரலாம். அதையும் மருத்துவர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.