நான்கு துணை என்றால் பத்து உறவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆங்கிலத்தில் வரும் ஓநாய் ஷிஃப்டர் (ஓநாயாக உருமாறும் மனிதர்) காதல் கதைகளை விரும்பிப் படிப்பவள் நான். நாயகிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட 'ஃபேட்டட் மேட்', அதாவது விதியே சேர்த்துவைக்கும் துணை, அமையும் வகையில் தமிழில் ஒரு தொடர் எழுதி வருகிறேன். கதை நடப்பது அமெரிக்காவின் மொன்டானா காடுகளில். நாயகி நோரா. கேலப், ஈலை, ரூவன், டேன் என்று நான்கு விதித்துணைகள். நிலவுத் தேவதையின் வரத்தால் நால்வரையும் ஒரே இரவில், ஒரே விருந்தில் கண்டுகொள்கிறாள். 20 அத்தியாயம் முடிந்துவிட்டது. நால்வரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள், டேனை ஆளையே காணோம் என்று வாசகர்கள் சொல்கிறார்கள். "விதியே முடிச்சுப் போட்டுவிட்டால் அவள் சம்மதத்துக்கு என்ன மதிப்பு?" என்று ஒருவர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பேசாமல் டேனைச் சாகடித்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன். என்ன செய்யட்டும்?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

டேனைச் சாகடிக்க வேண்டாம். இந்த வகைக் கதையைக் கையில் எடுப்பவர், கடைசியில் எல்லாத் துணைகளும் அவளோடு இருப்பார்கள் என்று நம்பித்தான் எடுக்கிறார். முக்கோணக் காதலில் யாரைக் கைவிடப்போகிறாளோ என்ற பதைப்பு உண்டு. இங்கே யாரையும் கைவிட வேண்டியதில்லை என்ற நிம்மதிதான் சுவையே. அட்டையில் 'ரிவர்ஸ் ஹாரம்' (ஒரு பெண்ணுக்குப் பல ஆண் துணை) என்றோ 'ஒய் சூஸ்' (ஒருவனை மட்டும் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்) என்றோ போடுவது அந்த உறுதியைக் கொடுக்கத்தான். நடுவில் ஒருவனைக் கொன்றால் வாசகர் அழமாட்டார், தொடரை விட்டுப் போய்விடுவார்.

டேன் காணாமல் போனதையே கதையாக்கிவிடுங்கள். விருந்துக் காட்சியைத் திருத்தி எழுதுங்கள். அன்றிரவு நோரா கண்டுகொள்வது கேலபை மட்டும். டேனுக்கும் அவள் யாரென்று தெரிந்துவிடுகிறது, ஆனால் வாயைத் திறக்காமல் விடிவதற்குள் ஊரை விட்டுப் போய்விடுகிறான். விதித்துணையை மறுக்கும் 'ரிஜெக்டட் மேட்' கதைகளில் பெரும்பாலும் ஆண் மறுப்பான், பெண் தவிப்பாள். இங்கே மறுத்தவனே கிடந்து தவிக்கட்டும். முன்கூட்டியே இரண்டு இடத்தில் விதை போட்டால் போதும். 9ஆம் அத்தியாயத்தில் காற்றில் ஒரு வாசனை வந்து போகிறது, யாருடையது என்று அவளுக்குத் தெரியவில்லை. 14இல் அதே வாசனை, வேலிக்கம்பியில் சிக்கிய ஒரு கொத்து முடியில். 21ஆம் அத்தியாயத்தை டேனின் பார்வையில் தொடங்குங்கள். இப்படித் தனியே திரிவது ஓநாய்க்கு இயல்பானதும்கூட. இளம் ஓநாய்கள் பெரும்பாலும் 1 முதல் 3 வயதுக்குள் பிறந்த கூட்டத்தை விட்டுப் பிரியும், சில நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அலையும்.

துணையைக் கண்டுகொள்ளும் காட்சிதான் இந்த வகைக் கதையின் உச்சம். வாசகர் அதற்காகத்தான் காத்திருக்கிறார். நான்கையும் ஒரே இரவில் கொட்டிவிட்டால் மீதி 19 அத்தியாயத்துக்கு எதை வைத்து அவரை இழுப்பீர்கள்? முதல் ஆள் 2ஆம் அல்லது 3ஆம் அத்தியாயத்தில், அடுத்தவன் கதையின் ஐந்தில் ஒரு பங்கு முடிவதற்குள், மூன்றாமவன் பாதிக்குச் சற்று முன், கடைசி ஆள் பாதிக்குப் பின். ஒவ்வொருவரும் வெவ்வேறு வழியில் வரட்டும். ஒருவன் வாசனையால், ஒருவன் ஒரே கனவை இருவரும் காண்பதால். இன்னொருவனைப் பல மாதமாகத் தெரியும், நோரா முதல்முறை உருமாறிய பிறகுதான் பிணைப்பு விழிக்கிறது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். நால்வரும் ஒரே மாதிரி பேசுவதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. நான்கு துணை என்றால் நான்கு உறவு என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் பத்து. நோராவோடு 4, ஆண்களுக்குள் 6. மூன்று துணை என்றால் 6 உறவு, ஐந்து என்றால் 15. ஒவ்வோர் உறவுக்கும் குறைந்தது மூன்று காட்சி வேண்டும்: உரசல், திருப்பம், ஒரு நிலைக்கு வருதல். அப்படியானால் உங்கள் கதைக்கு 30 காட்சி தேவை. ஒரே காட்சியில் இரண்டு உறவை நகர்த்தத் தெரிந்தால் 20இல் முடிக்கலாம். இதனால்தான் முதல் தொடருக்கு மூன்று துணை போதும் என்று எல்லோருக்கும் சொல்கிறேன். ஆண்களுக்குள் இருக்கும் ஆறு உறவையும் எழுதாமல் விட்டதால், நால்வருக்கும் நோராவைப் பார்த்துப் பேசுவதைத் தவிர வேறு வேலை இல்லை. ஒரே பெண்ணிடம் ஒரே ஏக்கத்தைச் சொல்லும் நான்கு பேர் ஒரே குரலில்தான் பேசுவார்கள். ஈலைக்கும் ரூவனுக்கும் ஒரு பழைய கடன் இருக்கட்டும். கேலபின் அப்பா துரத்திவிட்ட குடும்பத்தில் பிறந்தவன் டேன் என்று வையுங்கள். குரல் தானே பிரியும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. நோரா கையில் ரத்தம் வழிய வீட்டுக்குள் வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேலப் கேட்பது: "யார் செஞ்சது?" ஈலை ஒன்றும் பேசமாட்டான், அதற்குள் வெந்நீர் அடுப்பில் ஏறியிருக்கும். ரூவன், "இன்னொரு கை நல்லாத்தானே இருக்கு? சாப்பிட வா" என்பான், சொல்லும்போது அவன் கை நடுங்கும். டேன் காயத்தின் விளிம்பைப் பார்த்து, "துருக்கம்பி. ஊசி போடணும்" என்பான். பெயர்களை அழித்த பிறகும் எந்த வரி யாருடையது என்று தெரிய வேண்டும். உங்கள் 11ஆம் அத்தியாயத்தை இப்படி ஒருமுறை பெயர் இல்லாமல் படித்துப் பாருங்கள்.

சம்மதம் பற்றிக் கேட்ட வாசகர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். விதி அறிமுகம் செய்துவைப்பதோடு நின்றுவிட வேண்டும். வாசனை, ஈர்ப்பு, தூரத்தில் இருந்தாலும் உணர்வது, இவ்வளவுதான் பிணைப்பின் வேலை. நம்பிக்கை, மன்னிப்பு, ஒரே வீட்டில் வாழும் பொறுமை ஆகியவற்றை ஒவ்வொருவனும் தனித்தனியே சம்பாதிக்க வேண்டும். மறுத்தால் உயிர் போகும் என்று எழுதினால் அவள் சொல்லும் 'சரி'க்குப் பொருளே இல்லை. மறுப்புக்கு விலை இருக்கட்டும், ஆனால் தாங்கக்கூடிய விலையாக: தூக்கம் கெடும், உருமாறுவது வலிக்கும், ஓரிரு பருவத்தில் அது மங்கிப்போகும். டேன் கொடுக்கும் விலையும் இதுதான். அவனைக் காட்டும்போதே நோராவுக்கும் மறுக்க வழி உண்டு என்று வாசகருக்குப் புரிந்துவிடும்.

துணையாக ஏற்றதற்கு அடையாளமான துணைக்கடிக்கு முன் யாராவது ஒருவனிடம் அவள் ஒருமுறை 'வேண்டாம்' சொல்லியாக வேண்டும். ரூவன் கிட்டே வருகிறான், அவள் கையை உயர்த்துகிறாள், அவன் நிற்கிறான். அப்படியே கொட்டகை வாசற்படியில் உட்கார்ந்து, முதுகை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு இருட்டைக் காவல் காக்கிறான். மறுநாள் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவன் நல்லவன் என்று இரண்டு பக்கம் எழுதினாலும் இந்த அளவுக்கு எடுபடாது.

ஏன் பல துணைகள் என்பதற்கு நிலவுத் தேவதையின் வரம் மட்டும் போதாது. காரணம் கதையை ஓட்ட வேண்டும், அது மொன்டானாவின் வரலாற்றிலேயே இருக்கிறது. அது மாநிலம் ஆவதற்கு முன்பே, 1884இல், அங்கே ஓநாயைக் கொல்பவருக்குப் பரிசுப் பணம் அறிவித்தார்கள். துப்பாக்கி, பொறி, ஸ்ட்ரிக்னின் விஷம் தடவிய இறைச்சி என்று வேட்டையாடி, 1930களுக்குள் அமெரிக்காவின் மேற்கில் ஓநாய் ஏறக்குறைய அழிந்தே போனது. கனடாவிலிருந்து திரும்பி வந்த ஓநாய்கள் 1986இல்தான் மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் மீண்டும் குட்டி போட்டன. உங்கள் ஷிஃப்டர் குடும்பங்கள் அந்த அரை நூற்றாண்டை எப்படிக் கடந்தன? ஓநாயாக வெளியே தலைகாட்டவே முடியாத காலம் அது. அதில் உடைந்து சிதறிய நான்கு கூட்டங்கள், அவற்றின் கடைசி வாரிசுகள் இந்த நால்வர், மூத்தவர்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்த பழம்பகை. நான்கையும் ஒன்றாகக் கட்டும் பிணைப்பு நோரா. இப்படி வைத்தால் பொறாமை வெறும் படுக்கையறைச் சண்டையாக இருக்காது.

'ஓநாய் இனமே இப்படித்தான் வாழும்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். காட்டில் பொதுவாக ஒரு ஜோடியும் அதன் குட்டிகளும் சேர்ந்ததே ஒரு கூட்டம். இரை மிகுந்திருந்தால் விலக்குகள் உண்டு. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ட்ரூயிட் பீக் என்ற கூட்டத்தில் 2000இல் மூன்று பெண் ஓநாய்கள் குட்டி போட்டன, மறு ஆண்டு கூட்டம் 37 ஆனது. ஆனால் அது உங்கள் கதைக்கு நேர்மாறான அமைப்பு.

ஆல்பா, அதாவது கூட்டத் தலைவன், விஷயமும் இப்படித்தான். சண்டையில் வென்றவனே தலைவன் என்ற எண்ணம் விலங்கியலாளர் ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவியது. அவர் பார்த்தவை சுவிட்சர்லாந்தின் பாசல் உயிரியல் பூங்காவில் அடைபட்ட ஓநாய்கள். ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் 1986 முதல் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைக் கவனித்து, தலைமை என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா என்ற இடம்தான் என்று 1999இல் எழுதினார். ஆல்பா, பீட்டா வரிசை இந்த வகைக் கதையின் மரபு, அதை விட வேண்டாம். கேலப் உறுமுவதை மட்டும் குறையுங்கள். ஒரு கூட்டத்துக்கே சோறு போடும் கவலை உள்ளவனாக அவனைக் காட்டுங்கள், மிரட்டல் தானே வரும்.

ஒரே வீட்டில் ஐந்து பேர் எப்படி வாழ்கிறார்கள் என்பதை நீங்கள் இன்னும் தொடவே இல்லை. இதற்கு மகாபாரதத்தின் ஆதி பர்வத்தைப் படியுங்கள். திலோத்தமைக்காக ஒருவரையொருவர் கொன்றுகொண்ட சுந்தன், உபசுந்தன் கதையை நாரதர் பாண்டவருக்குச் சொல்கிறார். உடனே ஐவரும் ஒரு விதி செய்துகொள்கிறார்கள்: ஒருவர் திரௌபதியோடு தனித்திருக்கும்போது மற்றவர் உள்ளே போனால் பன்னிரண்டு ஆண்டு வனவாசம். ஆயுதம் இருப்பதோ தருமன் அவளோடு இருக்கும் அறையில். திருடர்களிடமிருந்து பசுக்களை மீட்க அர்ஜுனன் அதற்குள் நுழைந்தே ஆக வேண்டியிருக்கிறது. விதியைச் செய்த பிறகு அதை மீறவேண்டிய நியாயமான கட்டாயம் வருகிறது. நோராவின் வீட்டுக்கும் இப்படி ஒரு விதி செய்யுங்கள், நோராவே செய்யட்டும், அதை முதலில் மீறுபவன் மிகவும் ஒழுங்கான ஈலையாக இருக்கட்டும்.

இன்னும் சில சிறு திருத்தங்கள். வளர்ந்த ஓநாய்க்கு நீலக்கண் கிடையாது. குட்டியாக இருக்கும்போது நீலம், பிறகு மஞ்சளாகவோ தேன்நிறமாகவோ மாறிவிடும். ரூவனின் நீலக்கண்ணை விட மனமில்லையென்றால் மனித உருவில் மட்டும் வையுங்கள். நாய்க் குடும்பத்துக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாது, ஆகவே ஓநாயாக ஓடும் நோரா 17ஆம் அத்தியாயத்தில் ஈலையின் சிவப்புச் சட்டையைத் தூரத்திலிருந்து அடையாளம் காண முடியாது. அவன் வாசனையைக் காற்றில் பிடிக்கட்டும். உருமாறித் திரும்பியதும் உடுப்புக்கு என்ன செய்கிறார்கள் என்று எங்கும் சொல்லவில்லை. காட்டில் நான்கைந்து இடத்தில் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிக்குள் துணியும் செருப்பும் பதுக்கி வைத்திருக்கட்டும். எதிரி ஒரு வாளியைக் கண்டுபிடித்தால் உங்களுக்கு ஒரு அத்தியாயம் கிடைக்கும்.

அன்புடன்.