பழைய ஆபீஸ் டெலிபோன் சிஸ்டத்தை வீட்டில் மாட்ட முடியுமா? வீட்டில் ஃபைபர் லைன்தான் இருக்கிறது.

தாராளமாக மாட்டலாம். "வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்கு இந்த வேண்டாத வேலை" என்று எழுத வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அதை என் மகனே தினமும் சொல்கிறான்.

பினாங்கு பீச் ஸ்ட்ரீட் ஆபீஸ்களில் பிஏபிஎக்ஸ், அதாவது ஆபீஸ் போன்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி, மாட்டியே குடும்பத்தைக் காப்பாற்றியவன் நான். லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையிலோ, காலி செய்த ஆபீஸிலோ ஒரு பானசோனிக் பெட்டி உங்கள் கைக்கு வந்திருக்கும் என்று நினைக்கிறேன். பெட்டி மட்டும் வந்திருந்தால் முதல் வேலையாக அதோடு இருந்த டிஸ்ப்ளே செட்டையும் (சின்னத் திரை உள்ள பானசோனிக் போன்) தேடி வாங்குங்கள். அதைப் பெட்டியின் ஜாக் 01-இல் சொருகி, புரோகிராம் பட்டனை அழுத்தி *#1234 அடித்தால் செட்டிங்குக்குள் போகலாம்.

என்னுடையது கேஎக்ஸ்-டிஇஎஸ்824 மாடல். 3 வெளி லைன், 8 எக்ஸ்டென்ஷன் (உள் போன்), கார்டு போட்டால் 24 வரை போகும். 2000-களில் வந்த பெட்டி எப்படிப் பழையது ஆகும் என்று சண்டைக்கு வராதீர்கள். அதில் நான் மாட்டியிருக்கும் செட்டுகளைப் பார்த்தால் பேசமாட்டீர்கள்.

அம்மாவுக்கு முட்டி வலி, மாடியை விட்டு இறங்குவதில்லை. ஸ்மார்ட்போன் கொடுத்தால் தவறான இடத்தில் விரல் பட்டு யாருக்கோ வீடியோ கால் போய்விடும். கட்டில் பக்கத்தில் சுழற்றுகிற சிவப்பு செட் வைத்தேன். இந்தப் பெட்டிக்கு டயல் சுழற்றுவதும் புரியும். ரவுட்டரில் நேரடியாகச் சொருகினால் பல ரவுட்டர்களில் மணி மட்டும் அடிக்கும், டயல் ஆகாது. இப்போது சீரியலில் விளம்பரம் போட்டதும் அடுப்படி செட் அலறும், எடுத்தால் அம்மா: "ஐயா, தே தண்ணி ஆச்சா?"

இதற்கு வெளி லைனே வேண்டாம். கரண்டு இருந்தால் வீட்டுக்குள் பேசலாம். வெளியே பேச, ரவுட்டரின் போன் சாக்கெட்டிலிருந்து ஒரு வயர் எடுத்து பெட்டியின் சிஓ 1-இல் (முதல் வெளி லைன் சாக்கெட்) சொருகுங்கள். பழைய செம்பு லைன் என்று நினைத்துக்கொண்டு பெட்டி வேலை செய்யும். சாதா செட்டுக்கு 2 வயர் போதும். டிஸ்ப்ளே செட்டுக்கு 4 வேண்டும்: நடு ஜோடியில் குரல், வெளி ஜோடியில் டேட்டா. கடையில் மலிவாகக் கிடைக்கும் 2 கோர் வயரைப் போட்டுவிட்டு செட் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடாதீர்கள்.

வயர் என்றதும் வயிறு எரிகிறது. ஃபைபர் போட வந்த ஒரு கான்ட்ராக்டர் பையன், சுவரோரம் நான் நூல் பிடித்து அடித்திருந்த கேபிளை "சம்பா (குப்பை) அங்கிள்" என்று கேட்காமலே வெட்டிவிட்டான். தங்கை இருக்கும் கொண்டோவில் இன்னும் மோசம். நல்ல இண்டர்காமைப் பிடுங்கிவிட்டு ஆப் போட்டார்கள். தீபாவளிக்குப் பலகாரத் தட்டோடு போன நான், கியூஆர் கோடு வரும்வரை செக்யூரிட்டி போஸ்ட்டில் வெயிலில் நின்றேன். முன்பெல்லாம் செக்யூரிட்டிக்காரர் ஒரு பட்டனை அழுத்தி "உங்க அண்ணன் வந்திருக்காரு" என்பார், கேட் திறக்கும். இதற்குப் பெயர் முன்னேற்றமாம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வாசலில் டோர்போன் வேண்டுமென்றால் தனி கார்டு வாங்க வேண்டும். பெட்டியை எர்த் உள்ள பிளக்கில் மட்டும் சொருகுங்கள். நம் ஊர் இடிக்குப் பிளக்கைக் கழற்றிவைப்பது உத்தமம்.