தலைமுறை தலைமுறையாகத் தண்டிக்கிறவர் எப்படி இரக்கமுள்ள தேவனாக இருக்க முடியும்?

பைபிளில் ஒரு பக்கம் கோபம், மறுபக்கம் இரக்கம் என்று இருக்கிறதே, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ உங்கள் வீட்டுக்கு வந்து பிதாக்களின் பாவத்தைப் பிள்ளைகளிடத்தில் மூன்று நான்கு தலைமுறைவரை தேவன் விசாரிப்பார் என்கிற அந்த வசனத்தைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அடிபட்டவர்கள்தான் இப்படிக் கேட்பார்கள்.

இரண்டுமே உண்மை. ஆனால் கோபம் யார்மேல் வருகிறது என்று பார்க்காமல் அந்த வசனங்களை எடுத்துப் பேசவே கூடாது.

எங்கள் இளைய மகள் பிறந்ததும் செய்த செவிப் பரிசோதனையில் அவளுக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தது. சிங்கப்பூரில் ஈசூனில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்குச் சபையிலிருந்து சிலர் ஜெபிக்க வந்தார்கள். அதில் மூத்தவர் ஒருவர் யாத்திராகமம் 34ஐத் திறந்து, பிதாக்கள் செய்த அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் விசாரிக்கிறவர் என்று வாசித்துவிட்டு, "உங்க குடும்பத்துல எங்கேயோ ஒரு சாபம் இருக்கு தம்பி, அதைக் கண்டுபிடிச்சு அறிக்கை பண்ணுங்க" என்றார். என் மனைவி உள்ளறையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

அப்பாவும் கூடத்தில் இருந்தார். செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் அவருக்குக் குடிப்பழக்கம் இருந்தது. ஞானஸ்நானம் எடுத்த பிறகு தொட்டதில்லை. இதை அவரே சபையில் சாட்சியாகச் சொல்லியிருக்கிறார், அதனால் எல்லாருக்கும் தெரியும். அன்றிலிருந்து அப்பா பேத்தியைத் தூக்குவதை நிறுத்திவிட்டார். "கொஞ்சம் பிடிங்கப்பா" என்று நீட்டினால், கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே "கை ஈரமா இருக்குப்பா" என்பார். ஈரமெல்லாம் இல்லை.

அந்த வாரமே குழந்தையின் பெயரோடு ஜெபக் குறிப்பு என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பினாங்கிலிருந்து என் மனைவியின் சித்தி போன் செய்து அழுகிறார், நாங்கள் இன்னும் சொந்தங்களுக்கே சொல்லியிருக்கவில்லை. அடுத்தவர் வீட்டு நோயை ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டு அதை ஊழியம் என்று சொல்லும் பழக்கத்தை யாராவது மேடையில் நின்று கண்டிக்க வேண்டும். சரி, கேள்விக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் அந்த மூத்தவர் வாசித்தது யாத்திராகமம் 34இல் ஏழாம் வசனத்தின் பின்பாதி. முன்பாதியில் "ஆயிரம் தலைமுறைகளுக்கு இரக்கத்தைக் காக்கிறவர்" என்று இருக்கிறது. மூன்று நான்கு எங்கே, ஆயிரம் எங்கே! அதுவும் எப்போது சொல்லப்பட்டது? ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியைக் கும்பிட்டு, மோசே கற்பலகைகளை உடைத்து, புதிதாக இரண்டு பலகைகளோடு மறுபடி மலையேறினபோது. அழித்துவிடுவேன் என்றவர் உடன்படிக்கையைப் புதுப்பிக்கிற இடம் அது.

பிற்பாடு பாபிலோன் சிறையிருப்புக் காலத்தில், பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின என்று ஜனங்கள் பழமொழி பேசித் திரிந்தார்கள். இனி அப்படிப் பேசக் கூடாது என்று எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் முழுக்கவே சொல்கிறது. அதைத்தான் அப்பாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை" என்று வந்ததும், மறுபடி வாசி என்றார். வாசித்தேன். "அப்போ பேத்தியும் இல்லைதானே?" என்று கேட்டார். மகனுக்கே இல்லையென்றால் பேத்திக்கு ஏதுப்பா என்றேன். அவளைத் தூக்க அவருக்கு இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது.

நான் வேதாகமக் கல்லூரியில் படித்தவன் இல்லை. "கோபத்தை மறைத்துவிட்டு அன்பை மட்டும் பேசுகிறாய்" என்று சிலர் வரத்தான் செய்வார்கள். மறைக்கவில்லை. யோனா தீர்க்கதரிசி போய் எச்சரித்ததும் மனந்திரும்பிய நினிவே நகரம் தப்பியது. பிற்பாடு அதே நினிவேயைப் பார்த்துத்தான் நகூம் தீர்க்கதரிசி "இரத்தப்பழிகளின் நகரத்திற்கு ஐயோ" என்கிறார். சுற்றியிருந்த நாடுகளையெல்லாம் நசுக்கிய அசீரியரின் அந்தத் தலைநகரம் கி.மு. 612இல் விழுந்தது. அந்தக் கோபம் இல்லையென்றால் நசுக்கப்பட்டவர்களுக்கு நியாயம் கேட்க ஆளே இல்லை. எனக்கு அந்தக் கோபம் வேண்டும்.

தாவீது ராஜா செய்த பாவத்துக்காக அவருடைய குழந்தை இறந்ததே என்றும் கேட்பார்கள். அது எனக்கும் நெஞ்சை அடைக்கிற பகுதிதான். ஆனால் நாத்தான் தீர்க்கதரிசி பேசியது, ஒருவனைக் கொல்லவைத்து அவன் மனைவியை எடுத்துக்கொண்ட ராஜாவின் முகத்துக்கு நேராக. பால் கொடுக்கிற தாயின் காதில் விழும்படி, தெரியாத பாவத்தைத் தேடிப்பிடி என்று அவர் சொல்லவில்லை. பிறவிக் குருடனைப் பார்த்து, இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றுதான் இயேசு சொன்னார்.

உங்களிடம் பேசியவர் திரும்ப வந்தால் யோபு 42ஐ அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். நீ பாவம் செய்ததால்தான் உனக்கு இப்படி என்று, பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து நின்ற யோபுவிடம் அத்தனை அதிகாரங்கள் விளக்கிய நண்பர்களைப் பார்த்துத்தான் தேவன், "எனக்குக் கோபம் மூளுகிறது" என்கிறார். யோபுவைப் பார்த்து இல்லை. அடுத்த வசனங்களையும் விடாமல் வாசிக்கச் சொல்லுங்கள். யோபு அவர்களுக்காக வேண்டுதல் செய்ய, தேவன் அவர்களையும் தண்டிக்காமல் விட்டார். எங்கள் வீட்டுக்கு வந்தவருக்காக அப்பா இன்றும் பெயர் சொல்லி ஜெபிக்கிறார். என்னால் இன்னும் முடியவில்லை.