ஓலைக் குடிலும் ஒரு வாளித் தண்ணீரும்: ராஜா அம்பாட் பற்றி வாசகர் கேள்விகள்

இந்தோனேசியாவின் கிழக்குக் கோடியில், பாப்புவாவை ஒட்டி இருக்கின்றன ராஜா அம்பாட் தீவுகள். அங்கே கிராமத்துக் குடும்பங்களே நடத்தும் ஹோம்ஸ்டேக்களைப் பற்றிச் சென்ற இதழில் சிறிதாக எழுதியிருந்தேன். நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. மூன்று முறை போய்த் தங்கியவள் என்ற முறையில், எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: படத்தில் கடலுக்கு மேலே கால் நட்டு நிற்கும் குடில் ஆசையாகத்தான் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கும்? மின்சாரம், குளியலறை எல்லாம் எப்படி? (கணவருடன் முதன்முறை செல்லவிருக்கும் வாசகி)

தரையில் ஒரு மெத்தை, அதன் மேல் கொசுவலை, துணி உலர்த்த ஒரு கொடி, ஒரு பல்பு. பெரும்பாலான குடில்களில் இவ்வளவுதான். மாலை ஆறு மணி வாக்கில் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும், நள்ளிரவு வாக்கில் நின்றுவிடும். சில வீடுகளில் இப்போது சோலார் வந்திருக்கிறது. போன், கேமரா, டார்ச் எல்லாவற்றையும் அந்த நேரத்துக்குள் சார்ஜ் செய்துகொள்ள வேண்டும். விசிறி இல்லாமல் எப்படித் தூங்குவது என்று கலங்க வேண்டாம். பலகைத் தரையின் இடுக்கு வழியாகக் காற்று வரும். முதல் இரவு அடியில் அலை அடிக்கும் சத்தத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை. மூன்றாம் இரவு அந்தச் சத்தம் இருந்தால்தான் தூக்கம் வந்தது.

குளியலறை பொதுவாக எல்லோருக்கும் ஒன்றுதான். 'மண்டி' என்பார்கள். ஒரு தொட்டி அல்லது பெரிய வாளியில் தண்ணீர், மொண்டு ஊற்றிக்கொள்ள ஒரு கோப்பை. சில தீவுகளில் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும். நன்னீர் அங்கே அரிது, அதனால் கணக்காகச் செலவழியுங்கள். சோப்பையும் ஷாம்புவையும் குறைத்துக்கொள்ளுங்கள். நாம் ஊற்றும் தண்ணீர் இருபதடி தள்ளியுள்ள பவளத்திட்டுக்குத்தான் போகிறது.

இன்னொன்று, பிஸ்கட் பொட்டலத்தைப் பையில் விட்டுவிட்டுத் தூங்காதீர்கள். எலி பையையே கடித்துவிடும். மூடி போட்ட டப்பா கேட்டால் கொடுப்பார்கள்.

இந்த ஊர்க் குடிலில் தங்கிய பழைய வெளியூர்க்காரர்களில் ஒருவர் ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். 1860-இல் செந்நிறச் சொர்க்கப் பறவையைத் தேடி வந்தவர். அவருக்குக் கிடைத்த வீடு எட்டடிக்கு எட்டடி. தரை நிலத்திலிருந்து நாலரை அடி உயரம், கூரையின் முகடோ அந்தத் தரைக்கு மேல் ஐந்தடிதான். ஆறடியைத் தாண்டிய அந்த மனிதர் குனிந்துதான் உள்ளே போய்வர முடிந்தது. வீட்டுக்கு அடியிலேயே ஒரு மேசையைப் போட்டு, அங்கேயே சாப்பாடு, அங்கேயே வேலை என்று ஆறு வாரம் இருந்தார். அவர் தேடி வந்த பறவை இன்றும் விடியற்காலையில் அந்தக் காட்டு மரங்களில் ஆடுகிறது. கிராமத்துக்காரர் ஒருவர் இருட்டோடு அழைத்துப்போய்க் காட்டினார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

கேள்வி: எப்படிப் போவது, எப்போது போவது, பணம் எப்படிக் கொடுப்பது? (மூன்று கேள்விகளை ஒரே அஞ்சலட்டையில் அனுப்பிய வாசகர்)

சோரோங் நகரம் வரை விமானம். அங்கிருந்து ராஜா அம்பாட்டின் தலைநகரான வைசாய்க்குப் பயணிகள் கப்பல், சுமார் இரண்டு மணி நேரம். வைசாய் துறைக்கு ஹோம்ஸ்டே படகு வந்து ஏற்றிக்கொள்ளும். எல்லாத் தீவிலும் சிக்னல் கிடையாது. குடும்பத்தில் ஒருவர் சிக்னல் உள்ள இடத்துக்குப் படகில் வந்தால்தான் நம் செய்தியைப் பார்ப்பார். இரண்டு நாள் பதில் வரவில்லை என்றால் பயப்படாதீர்கள்.

பணம் ருப்பியாவாக, ரொக்கமாகக் கையில் இருக்க வேண்டும். சோரோங்கிலேயே எடுத்துவிடுங்கள். தங்கும் கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள், மூன்று வேளைச் சாப்பாடும் அதில் சேர்ந்தது. படகுச் செலவு தனி, அதுதான் பெரிய செலவு. பெட்ரோல் அந்தத் தீவுகளுக்கே படகில் வந்து சேர வேண்டும் அல்லவா? அதனால் பக்கத்துக் குடிலில் இருப்பவர்களோடு சேர்ந்து போனால் பாதியாகக் குறையும். கடற்பூங்காவுக்கு நுழைவு அனுமதிக் கட்டணமும் உண்டு.

அக்டோபர் முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதி. ஜூலை, ஆகஸ்டில் தெற்குக் காற்று பலமாக வீசும், சிறு படகில் போவது சிரமம். மழை எந்த மாதத்திலும் பெய்யும்.

கேள்வி: நீங்கள் புகழ்ந்து எழுதினீர்கள். நான் ஏற்கெனவே நான்கு இரவு தங்கி வந்தவன். கூரை ஒழுகியது. எட்டு மணிக்கு என்று சொன்ன படகு பதினோரு மணிக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை படகே இல்லை என்றார்கள். கொடுத்த காசுக்கு இதுவா சேவை? (மனம் வருந்திய வாசகர்)

உங்கள் வருத்தம் நியாயமானது. அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். ஒழுகும் குடிலில் விருந்தினரைப் படுக்க வைத்தது தவறுதான். எனக்கும் இரண்டாம் பயணத்தில் இது நடந்தது. நள்ளிரவில் மெத்தை நனைந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். காலையில் கோபமாகவே சொன்னேன். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் காட்டுக்குப் போய் ஓலை வெட்டி வந்தார். அவர் மனைவி தைத்துக் கொடுத்தார், மாலைக்குள் கூரை சரியானது. இரவிலேயே ஏன் எழுப்பவில்லை என்று அந்த அம்மா என்னைக் கேட்டார். அவர் வீட்டில் உலர்ந்த பாய் இருந்ததாம். நான் எழுப்பியிருக்க வேண்டும். நீங்களும் ஒழுகிய அன்றே சொல்லியிருந்தால் மற்ற மூன்று இரவாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

படகு விஷயத்தை வேறு மாதிரிதான் பார்க்க வேண்டியிருக்கிறது. நீர் வற்றும்போது பவளத்திட்டின் மேல் படகை ஓட்டினால் படகும் கெடும், பவளமும் உடையும். அதனால் நீர் ஏறும்வரை காத்திருப்பார்கள். ஒரே படகுதான் பள்ளிப் பிள்ளைகளுக்கும், நோயாளிக்கும், நமக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கிராமங்களில் எல்லோரும் தேவாலயத்தில் இருப்பார்கள். அது அவர்கள் நாள். அடுத்த முறை ஞாயிற்றுக்கிழமைக்குப் பயணம் எதுவும் வைக்காதீர்கள். கூப்பிட்டால் தேவாலயத்துக்குக் கூடப் போங்கள். அங்கே கேட்ட பாட்டு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

நான் ஏன் புகழ்ந்து எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த நிலமும் கரைக்கடலும் வழிவழியாகக் குலங்களுக்கு உரியவை. ஹோம்ஸ்டே நடத்துபவர் பெரும்பாலும் அந்தக் குலத்தைச் சேர்ந்தவர்தான். நாம் கொடுக்கும் பணம் சமைக்கும் தங்கைக்கும், படகோட்டும் மைத்துனருக்கும், மீன் கொண்டுவரும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் போகிறது. ஒரு காலத்தில் அந்தக் கடலில் வெடி போட்டு மீன் பிடித்தார்கள், துடுப்புக்காகச் சுறாவைக் கொன்றார்கள். எனக்குப் படகோட்டியவரே சிறுவயதில் அப்பாவோடு சுறா பிடிக்கப் போனதைச் சொன்னார். இன்று அவர் மான்ட்டா திருக்கை வரும் இடத்துக்கு விருந்தினரை அழைத்துப்போய்ச் சம்பாதிக்கிறார். 2014-இல் இந்தோனேசியா நாடு முழுவதும் மான்ட்டாவுக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது. ஆனால் ஆளில்லாத தீவில் சட்டப்புத்தகம் காவல் நிற்காது. உயிரோடு இருக்கும் மீன் சோறு போடும் என்று தெரிந்த கரைவாசிதான் நிற்பார்.

அவர்களுக்கு 'சாசி' என்றொரு வழக்கம் உண்டு. ஒரு கடல் பகுதியை ஜெபம் செய்து மூடிவிடுவார்கள். கடல் அட்டை, சிங்கி இறால் எதையும் குறித்த காலம்வரை யாரும் எடுக்கக் கூடாது. பிறகு கூடித் திறந்து, அளவாக எடுத்து, மறுபடி மூடுவார்கள். மிசூல் தீவின் கப்பட்சோல் கிராமத்தில் பெண்களே ஒரு சாசிப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறார்கள். கிரி தீவு முனையில் 2012-இல் ஜெரால்டு ஆலன் என்ற மீனியல் அறிஞர் ஒரே முறை மூழ்கி 374 வகை மீன்களை எண்ணினார். நான் அதே கடலில் குடில் படிக்கட்டிலிருந்து முகமூடி மாட்டிக்கொண்டு இறங்கினேன். குட்டிச் சுறா ஒன்று முழங்கால் அளவுத் தண்ணீரில் என்னைச் சுற்றிப் போனது.

மூன்று மணி நேரத் தாமதத்தை நான் இவற்றோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். உங்களுக்கு அது ஈடாகத் தோன்றாமல் போகலாம், அதிலும் தவறில்லை.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. எனக்கு நீந்தத் தெரியாது. அசைவம் சாப்பிட மாட்டோம். போகலாமா? (ஒரு வாசகி)

நீச்சலும் சாப்பாடும் சமாளிக்கக்கூடியவை. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, வழிகாட்டியின் கையைப் பிடித்தபடி மிதக்கலாம். தீவுகளுக்கிடையே நீரோட்டம் வேகமானது, தனியாக மட்டும் இறங்காதீர்கள். அர்போரேக் தீவில் படகுத்துறையில் உட்கார்ந்தபடியே கூட்டங்கூட்டமாக மீன் பார்க்கலாம். மீன் வேண்டாம் என்று முன்னதாகவே சொல்லிவிட்டால் சோறு, கீரை, டெம்பே என்னும் புளிக்கவைத்த சோயாக் கட்டி, வாழைப்பழப் பொரியல் கிடைக்கும். காய் எல்லாம் வைசாயிலிருந்து வர வேண்டும் என்பதால் திரும்பத் திரும்ப அதேதான் வரும்.

அம்மாவின் முழங்கால்தான் எனக்குக் கவலை. படகிலிருந்து ஏணி, குடிலுக்குப் படி, தரை மட்டத்தில் மெத்தை, சில இடங்களில் குந்தி உட்காரும் கழிப்பறை. மருத்துவமனை வைசாயில்தான், அதுவும் படகில் போக வேண்டும். பாப்புவாப் பகுதியில் மலேரியாவும் உண்டு. மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்காமல் கிளம்பவே கூடாது. அம்மாவுக்கு விருப்பம் இருந்தால், நல்ல படகுத்துறை உள்ள கிராமத்தில், கட்டில் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். தனிக் கடற்கரைக் குடில் வேண்டாம்.

கேள்வி: அங்குள்ள குழந்தைகளுக்கு என்ன வாங்கிப் போகலாம்? (எட்டாம் வகுப்பு மாணவி)

மிட்டாய் வேண்டாம் அம்மா. உறை கடலுக்குப் போய்விடும், பல்லும் கெடும். நோட்டும் வண்ணப் பென்சிலும் வாங்கி, அதை நீயே கொடுக்காமல் பள்ளி ஆசிரியரிடம் கொடுத்துவிடு, எல்லோருக்கும் கிடைக்கும். திரும்பும்போது தீர்ந்த பேட்டரியையும் பிளாஸ்டிக்கையும் உன் பையிலேயே எடுத்து வந்துவிடு. சிறு தீவுகளில் குப்பையைக் கொட்ட இடம் கிடையாது. அர்போரேக்கில் அக்காமார் தாழை ஓலையில் மான்ட்டா வடிவத்தில் தொப்பி பின்னுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் உனக்கும் சொல்லித் தருவார்கள். எனக்கு வால் மட்டும் கடைசிவரை சரியாக வரவில்லை. உனக்கு வந்தால் ஒரு படம் அனுப்பு.