ஏழு வீரர்களின் இசை: எந்தப் பதிவு அசல்? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

‘தி மேக்னிஃபிசென்ட் செவன்’ என்ற ஹாலிவுட் கௌபாய் படத்தின் இசையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஆல்பத்தைத் தேடினேன். 1966, 1994, 1997, 1998 என்று பல பதிவுகள் இருக்கின்றன. படம் வந்ததோ 1960இல். 1966ஆம் ஆண்டுப் பதிவையே அசல் என்று எடுத்துக்கொள்ளலாமா? 1997 பதிவு துல்லியமாக இருக்கிறது, இசையமைப்பாளர் எல்மர் பெர்ன்ஸ்டீனே ஆர்கெஸ்ட்ராவை நடத்தியிருக்கிறார். அப்புறம் பழையவை எதற்கு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

1966 பதிவு பழையதுதான், ஆனால் அசல் அல்ல. படம் வெளிவந்தபோது அதன் இசை ஆல்பமாக வரவே இல்லை. ஆஸ்கர் பரிந்துரை வரை போன இசை அது. அதன் முகப்பு இசையை அல் கயோலா எலெக்ட்ரிக் கிட்டாரில் வாசித்து வெளியிட்டார், அது ஹிட் ஆனது. படத்தில் ஒலித்ததை மட்டும் கடையில் வாங்க வழியில்லை. 1966இல் அடுத்த படமான ‘ரிட்டர்ன் ஆஃப் தி செவன்’ வந்தபோது பெர்ன்ஸ்டீன் தன் பழைய இசையை மறுபடி எடுத்தாண்டார். அதற்காகப் புதிதாக வாசித்துப் பதிவு செய்ததுதான் நீங்கள் பார்த்த ஆல்பம். 1960இல் ஸ்டூடியோவில் வாசித்த அதே பதிவை ரைகோடிஸ்க் நிறுவனம் வெளியிட்டது 1998இல்தான். 2004இல் வரேஸ் சராபாண்ட் அதை மறுபடி கொண்டுவந்தது.

இசையமைப்பாளரே நடத்தியிருக்கும்போது பழையது எதற்கு என்கிறீர்கள். வேகத்துக்காக. ஜான் ஸ்டர்ஜஸ் இயக்கிய இந்தப் படம் பல இடங்களில் நிதானமாகத்தான் நகரும். காட்சியைவிட வேகமாக இசை ஓட வேண்டும், அப்போதுதான் படம் நகரும் என்று பெர்ன்ஸ்டீன் முடிவு செய்தார். கொள்ளைக்காரர்களிடமிருந்து காப்பாற்ற ஏழு வீரர்களும் மெக்சிகோ கிராமத்தை நோக்கிப் போகும் காட்சியைப் பாருங்கள். குதிரைகள் அவசரமே இல்லாமல் நடக்கும், இசை மட்டும் முன்னால் பாய்ந்து அவர்களை இழுத்துக்கொண்டு போகும். முகப்பு இசையின் கட்டுமானமும் அப்படித்தான். கீழே வெட்டி வெட்டி விழும் தாளம், மேலே வயலின்களின் நீண்ட மெட்டு. தாளம் கொஞ்சம் தளர்ந்தாலும் மெட்டு வெறும் அழகாகிவிடும்.

1997இல் ராயல் ஸ்காட்டிஷ் நேஷனல் ஆர்கெஸ்ட்ரா வாசித்ததில் எனக்கு உறுத்துவது இதுதான். ஒலி விரிந்து பரவுகிறது, ஒவ்வொரு கருவியும் தனித்தனியாகக் கேட்கிறது, ஆனால் அந்த அவசரம் இல்லை. கொள்ளைக்காரன் கால்வெராவுக்கான முரட்டு இசைகூட இதில் மெருகேறிவிடுகிறது. கால்வெராவுக்கு மெருகு எதற்கு? அதே சமயம், ஏழு பேரில் ஒருவரான பெர்னார்டோவுக்கும் கிராமத்துச் சிறுவர்களுக்கும் வரும் மெல்லிய பகுதிகள், கிராமத்துப் பெண் பெட்ரா மனம் திறக்கும் இடம், இவையெல்லாம் இந்தப் பதிவில்தான் நன்றாக மூச்சு விடுகின்றன. அங்கே 1960 பதிவு அவ்வளவு தூரம் போகவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சரி, எதை வாங்குவது? முதலில் 1998 அல்லது 2004 சிடி, இரண்டும் ஒரே பதிவுதான். அது காதில் நன்றாகப் படிந்த பிறகு 1997. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். துல்லியமான ஒலிக்கு முதலில் பழகிவிட்டால் பழையதற்குக் காது இறங்கி வராது. 1966 பதிவு சேகரிப்பவர்களுக்கு. ஜேம்ஸ் செடாரஸ் ஃபீனிக்ஸ் சிம்பொனியை நடத்திய 1994 சிடியில் ‘தி ஹல்லெலூயா டிரெயில்’ படத்தின் இசைத் தொகுப்பும் இருக்கிறது. அதுவும் பெர்ன்ஸ்டீன் இசைதான், அதற்காகவே அதை வாங்கலாம்.